60 சொற்களில் தொடங்கிய போர்

2001 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை இரவு. இரட்டைக் கோபுரங்கள் இடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நியூயார்க்கில் இடிபாடுகளுக்குள் புகை இன்னும் அடங்கவில்லை. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானத்தின் மீது வாக்களித்தது. ஆதரவாக 420 பேர், எதிராக ஒரே ஒருவர். அதே தீர்மானம் செனட்டில் 98-0 என்று நிறைவேறியிருந்தது.

அந்த ஒருவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ. அன்று பகலில் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே பாதிரியார் ஜெபத்தில் சொன்ன ஒரு வரியைச் சபையில் கலங்கிய குரலில் திருப்பிச் சொன்னார். நாம் செயலில் இறங்கும்போது, எந்தத் தீமையை வெறுக்கிறோமோ அந்தத் தீமையாகவே ஆகிவிடக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த சில நாட்களில் வந்த கொலை மிரட்டல்களால் அவருக்குப் போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியதாயிற்று.

அவர் எதிர்த்த தீர்மானத்தின் உயிர் ஒரே ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் எண்ணினால் 60 சொற்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், அனுமதித்தவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் என்று எந்த நாட்டை, எந்த அமைப்பை, எந்த ஆளை அதிபர் தீர்மானிக்கிறாரோ, அவர்கள் மீது தேவையான, பொருத்தமான படைபலம் முழுவதையும் அவர் பயன்படுத்தலாம். இதுதான் அதன் பொருள்.

எந்த நாடு என்று அதில் பெயர் இல்லை. எந்த அமைப்பு என்றும் இல்லை. எத்தனை நாள், எது வரைக்கும், என்ன நடந்தால் வேலை முடிந்தது என்று கொள்வது, ஒன்றும் இல்லை. நம் ஊரில் இரண்டு சென்ட் மனைக்குக் கிரயப் பத்திரம் எழுதினால்கூட, கிழக்கே இன்னார் வீடு, மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை எழுதாமல் பத்திர எழுத்தர் விடமாட்டார். உலகின் மிகப் பலம் வாய்ந்த ராணுவத்தை அவிழ்த்துவிட்ட பத்திரத்தில் நான்கெல்லை எழுதப்படவே இல்லை.

பயங்கரவாதத்துக்கு நீண்ட போர் சரியான பதிலா என்று பேசும்போதெல்லாம், திருப்பி அடிக்கலாமா கூடாதா என்ற இடத்திலேயே விவாதம் நின்றுவிடுகிறது. அடித்தால் வீரம், அடிக்காவிட்டால் கோழைத்தனம். ஆப்கானிஸ்தானின் 20 ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் கோளாறு வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது. முதல் இரண்டு மாதப் போருக்கு ஒரு கேள்வி இருந்தது, பதிலும் ஓரளவு கிடைத்தது. மிச்சம் 19 ஆண்டும் சில மாதங்களும் கேள்வியே இல்லாமல் ஓடின.

அடித்தது தவறா?

தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் நேரப்படி மாலை ஆறேகாலுக்கு முதல் விமானம் மோதியது. தொலைக்காட்சியைப் போட்டவர்கள் இரண்டாவது விமானம் மோதியதை நேரலையாகவே பார்த்தார்கள். 19 பேர், நான்கு விமானங்கள், 2,977 உயிர்கள். இப்படி ஒரு காயத்தை வாங்கிக்கொண்டு எந்த அரசும் கைகட்டி உட்கார்ந்திருக்காது.

அதோடு, போலீஸும் கோர்ட்டும் போதும் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வழியை அமெரிக்கா முயன்று பார்த்திருந்தது. 1993இல் அதே உலக வர்த்தக மையத்தின் அடித்தள வாகன நிறுத்துமிடத்தில் குண்டு வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அதற்குக் காரணமான ரம்சி யூசுப்பை 1995இல் இஸ்லாமாபாத்தில் பிடித்து, நியூயார்க் கோர்ட்டில் நிறுத்தி, ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். 1998 ஆகஸ்டில் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் நால்வரைக் குற்றவாளிகள் என்று நியூயார்க் கோர்ட் தீர்ப்பளித்தது 2001 மே மாதம். இரட்டைக் கோபுரம் விழுவதற்கு நான்கே மாதம் முன்பு.

ஆக, கையாட்கள் பிடிபட்டார்கள். ஏவிவிட்டவர் மட்டும் ஆப்கானிஸ்தானில் காந்தஹார் பக்கம் பத்திரமாக இருந்தார். அல் காய்தா அமைப்பின் தலைவர் ஒசாமா பின்லேடனை ஒப்படைக்கச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1999இலேயே 1267ஆம் எண் தீர்மானம் போட்டது. அந்த நாட்டை அப்போது ஆண்ட தாலிபான் மசியவில்லை. காந்தஹாருக்கு வாரண்டைக் கையில் கொடுத்து ஓர் ஏட்டையாவை அனுப்ப முடியாது. செப்டம்பர் 12 அன்று பாதுகாப்பு கவுன்சில் தற்காப்பு உரிமையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் அனைவரையும் தாக்கியதாகக் கொள்ளும் ஐந்தாம் பிரிவை நேட்டோ ராணுவக் கூட்டணி தன் வரலாற்றில் முதல் முறையாக எடுத்தது. அதுவரை எல்லாம் சட்டத்துக்குள்தான் நடந்தது.

அக்டோபர் 7 அன்று குண்டுவீச்சு தொடங்கியது. நவம்பர் 13இல் காபூல் விழுந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் காந்தஹாரும் விழுந்தது. பயிற்சி முகாம்கள் தரைமட்டமாயின. தரையில் இறங்கியிருந்த அமெரிக்கர்கள் ஒப்பீட்டளவில் சொற்பம். தாலிபானை எதிர்த்த வடக்குக் கூட்டணி போன்ற உள்ளூர்ப் படைகளும் வானிலிருந்து விழுந்த குண்டுகளும் வேலையை முடித்தன.

அந்த டிசம்பர்

காந்தஹார் விழுந்த நாட்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, தோரா போரா மலை. பின்லேடன் அங்கே குகைகளுக்கிடையில் சிக்கியிருந்தார். மலையைச் சுற்றி வளைக்கக் கூடுதல் அமெரிக்கத் துருப்புகளைக் கேட்டார்கள், வரவில்லை. கூலிக்கு அமர்த்திய ஆப்கன் குழுக்களையும் பாகிஸ்தான் எல்லைக் காவலையும் நம்பி விட்டுவிட்டார்கள். அவர் நழுவிவிட்டார். 2009இல் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழுவே இதை விசாரித்து, கைக்கு எட்டிய வாய்ப்பு தவறியது என்று அறிக்கை கொடுத்தது.

இன்னொன்றைப் பற்றி அதிகம் பேச்சில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தோற்றுக்கொண்டிருந்த தாலிபான் தலைவர்கள் காந்தஹாரை ஒப்படைப்பது பற்றி பிறகு ஆப்கன் அதிபரான ஹமீத் கர்சாயிடம் பேசினார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்கிறோம், எங்கள் தலைவர் முல்லா ஓமர் ஊரில் மானத்தோடு இருக்க விடுங்கள் என்ற ரீதியில் பேச்சு போனது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்பெல்ட், ஓமருக்குப் பொதுமன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார். அதே வாரம் ஜெர்மனியின் பான் நகரில் புதிய ஆப்கானிஸ்தானைத் தீர்மானிக்கும் மாநாடு நடந்தது. அதில் தாலிபானுக்கு நாற்காலி இல்லை. மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதர் லக்தார் பிராஹிமி, அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டது பெரிய தவறு என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

கை ஓங்கியிருக்கும்போது பேசினால் சல்லிசாக முடியும். கை தளர்ந்த பிறகு பேசினால் எதிராளி கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். அமெரிக்கா 2001இல் பேச மறுத்த ஆட்களோடு 2020இல் தோஹாவில் உட்கார்ந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மாமூல் போர்

எதிரியை ஒடுக்கிய பிறகும் படை அங்கேயே இருந்தால் என்ன ஆகும்? நீண்ட போர் தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ளப் போர்முனைக்குப் போக வேண்டாம். லாரிகளைப் பார்த்தால் போதும்.

ஆப்கானிஸ்தானுக்குக் கடல் இல்லை. தண்ணீர் பாட்டிலிலிருந்து டீசல் வரை பெரும்பகுதிச் சரக்கு கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, கணவாய்களைத் தாண்டி, உள்ளூர் லாரிகளில் முகாம்களுக்குப் போனது. இந்த லாரிப் போக்குவரத்துக்கு அமெரிக்க ராணுவம் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 216 கோடி டாலர். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. லாரிகளுக்கு ராணுவம் காவல் வராது, ஒப்பந்தக்காரரே பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? வழியில் யார் கை பலமோ அவரிடம் போவார். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு தளபதி இருந்தார். லாரிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வண்டியை விட்டார். கொடுக்காத வண்டி தாக்கப்பட்டது. அந்தத் தளபதிகள் தங்கள் பங்குக்குத் தாலிபானையும் கவனித்துக்கொண்டார்கள் என்ற புகார் எழுந்தது. 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக் குழு ஒன்று இதை விசாரித்து, ராணுவத்தின் போக்குவரத்துச் செலவே எதிரிக்கு வருமான வழியாக இருக்கக்கூடும் என்று எழுதியது. நம் ஊர் லாரி டிரைவரிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்: மாமூல்.

இதில் கவனிக்க வேண்டியது ஊழல்கூட இல்லை. மாமூல் வாங்குகிறவருக்குச் சாலை மூடிவிட்டால் நஷ்டம், முழுக்கப் பாதுகாப்பாகிவிட்டாலும் நஷ்டம். கொஞ்சம் ஆபத்து எப்போதும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தளபதியிலிருந்து, பட்டியலில் மட்டும் இருந்து சம்பளம் வாங்கிய ஆப்கன் ராணுவத்தின் பேய்ச் சிப்பாய்கள் வரை, போர் முடிந்தால் பிழைப்பு போய்விடும் என்ற நிலையில் ஒரு பெரிய கூட்டம் உருவாகிவிட்டது. போரை முடிக்கச் சொல்லி அனுப்பிய பணம், போரை முடிக்கவிடாத கூட்டத்தை வளர்த்தது.

அடுத்தது ஆள்பிடி. போரின் தொடக்க மாதங்களில் விமானங்களிலிருந்து துண்டுப் பிரசுரங்கள் விழுந்தன. அல் காய்தா ஆளையோ தாலிபானையோ காட்டிக்கொடுத்தால், குடும்பத்துக்கும் ஊருக்கும் வாழ்நாளுக்குப் போதுமான பணம் கிடைக்கும் என்று அவற்றில் இருந்தது. வறண்ட மலைநாட்டில் அப்படி ஒரு தாள் விழுந்தால் யாரெல்லாம் அல் காய்தா ஆவார்கள் என்பதை யூகிக்கலாம். வரப்புத் தகராறு, பங்காளிப் பகை, வழிதவறி வந்த வெளியூர்க்காரர், எல்லாம் காசாயிற்று. கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ சிறையில் மொத்தம் சுமார் 780 பேர் அடைக்கப்பட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் எந்தக் குற்றச்சாட்டும் பதியப்படாமலே வெளியே வந்தார்கள், சிலர் பத்தாண்டுகள் கழித்து.

உண்மையான சூத்திரதாரியும் பிடிபட்டார். செப்டம்பர் 11 திட்டத்தை வகுத்த காலித் ஷேக் முகமது 2003 மார்ச்சில் ராவல்பிண்டியில் ஒரு வீட்டில் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கைது செய்யப்பட்டார். அதுவும் போர்முனையில் இல்லை, உளவுத் தகவலின் பேரில். பிடித்தவரை சி.ஐ.ஏ. 183 முறை தண்ணீர்ச் சித்திரவதைக்கு உள்ளாக்கியது. அந்தச் சித்திரவதையே வழக்கின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. பிடித்து 20 ஆண்டு தாண்டியும் விசாரணை முடிந்து ஒரு தீர்ப்பு வரவில்லை. 1993 குண்டுவெடிப்பின் ரம்சி யூசுப் இவருக்கு நெருங்கிய உறவினர். கைதாகி மூன்று ஆண்டுகளில் சாதாரண கோர்ட்டில் தண்டனை பெற்று இன்றும் சிறையில் இருக்கிறார். ஒரே குடும்பம், இரண்டு வழிகள்.

இரவுச் சோதனைகள், தவறிய குண்டுகள், கல்யாண வீடுகள் என்று அடுத்தடுத்து நடந்தவற்றைப் பட்டியல் போட்டால் கட்டுரை தாங்காது. ஆப்கானிஸ்தானில் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டலே ஒரு கணக்குச் சொல்வார். அப்பாவி ஒருவரைக் கொன்றால் பத்துப் புதிய எதிரிகள் முளைக்கிறார்கள் என்பது அது.

ரம்ஸ்பெல்டுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 2003 அக்டோபர் 16 அன்று தன் கீழிருந்த மூத்த அதிகாரிகளுக்கு அவர் ஒரு குறிப்பு அனுப்பினார். நாள்தோறும் நாம் கொல்லும், பிடிக்கும், மனம் மாற்றும் ஆட்கள் அதிகமா, அவர்கள் புதிதாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஆட்கள் அதிகமா என்று அதில் கேட்டிருந்தார். வெல்கிறோமா தோற்கிறோமா என்று அளக்க நம்மிடம் அளவுகோலே இல்லை என்றும் எழுதியிருந்தார். போர் தொடங்கி இரண்டு ஆண்டு ஆன பிறகு, போரை நடத்துகிற அமைச்சர் எழுதியது. 18 ஆண்டுகள் மிச்சமிருந்தன.

அந்தக் குறிப்பு எழுதப்பட்டபோது ஈராக்கில் இன்னொரு போர் ஏழாவது மாதத்தில் இருந்தது. செப்டம்பர் 11க்கும் ஈராக்குக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. பேரழிவு ஆயுதமும் கிடைக்கவில்லை. ஈராக் ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்தார்கள், லட்சக்கணக்கான ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2004இல் புக்கா முகாம் என்ற அமெரிக்கச் சிறையில் அடைபட்டு வெளியே வந்த ஒருவர் அபூ பக்கர் அல் பக்தாதி. பத்தாண்டு கழித்து ஈராக்கின் மொசூல் நகரைப் பிடித்து ஐ.எஸ். அரசைப் பிரகடனம் செய்தவர் அவர்தான். பயங்கரவாதத்தை ஒழிக்கப் போன போர், அல் காய்தாவைவிடக் கொடிய ஒன்றுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது.

அப்படியானால் எப்படி முடிகிறது?

பயங்கரவாத அமைப்புகள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்று அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் ஒரு கணக்கெடுத்தது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 அமைப்புகளைப் பார்த்தார்கள். செயல்பாட்டை நிறுத்திக்கொண்டவற்றில் 43 விழுக்காடு அரசியல் வழிக்குத் திரும்பியவை. 40 விழுக்காட்டைப் போலீஸும் உளவுத்துறையும் முடித்தன. 10 விழுக்காடு தாங்கள் நினைத்ததைச் சாதித்துவிட்டு ஓய்ந்தன. ராணுவ பலத்தால் முடிந்தவை 7 விழுக்காடு.

எண்களைவிட எனக்கு லிமா நகரத்துக் குப்பைப் பை நன்றாக விளக்குகிறது.

பெரு நாட்டில் 'ஒளிரும் பாதை' என்ற மாவோயிச அமைப்பு 1980இல் ஆயுதம் எடுத்தது. ஊர் ஊராகக் கொலைகள். அடக்கப் போன ராணுவம் மலைக் கிராமங்களில் தன் பங்குக்குக் கொன்றது. 20 ஆண்டுகளில் இரு தரப்பும் சேர்ந்து சுமார் 69,000 உயிர்களைப் பறித்ததாக அந்நாட்டின் உண்மை ஆணையம் மதிப்பிட்டது. இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா முதலான பழங்குடி மொழிகளைப் பேசியவர்கள். நகரத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குப் பல காலம் அது செய்தியாகக்கூட உறைக்கவில்லை.

1990இல் பெரு போலீஸ் ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கியது. பணம் இல்லை, வண்டி வசதி போதாது. செய்ததெல்லாம் பொறுமையாகப் பின்தொடர்வதுதான். லிமாவில் ஒரு நடனப் பள்ளியின் மேல் சந்தேகம் வந்தது. கீழே வகுப்பு நடந்தது, மாடியில் யாரோ இருந்தார்கள். வாசலில் வைக்கப்படும் குப்பையை போலீஸார் எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கே வசிப்பதாகச் சொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு அந்தக் குப்பை அதிகம். உள்ளே வின்ஸ்டன் சிகரெட்டின் துண்டுகள் கிடந்தன. சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்கான களிம்புக் குழாய்கள் கிடந்தன. அமைப்பின் தலைவர் அபிமாயெல் குஸ்மானுக்கு அந்தத் தோல்நோய் உண்டு என்பதும், அவர் பிடிப்பது அந்தச் சிகரெட் என்பதும் போலீஸுக்குத் தெரிந்திருந்தது.

1992 செப்டம்பர் 12 இரவு உள்ளே போனார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. மாடி அறையில் குஸ்மான் அகப்பட்டார். 12 ஆண்டுகளாக ஹெலிகாப்டரும் பீரங்கியும் தேடிய ஆள். அதிபர் புஜிமோரி அந்த நேரத்தில் மீன்பிடிக்கப் போயிருந்தார், அவருக்குச் சேதியே பிறகுதான் போனது. அமைப்பு அதன் பிறகு தலை தூக்கவில்லை, காட்டுக்குள் சில துணுக்குகள் மிஞ்சியதோடு சரி.

எல்லாவற்றையும் குப்பைப் பையால் முடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஐ.எஸ். 2014இல் மொசூல் போன்ற பெருநகரத்தைப் பிடித்து, வரி வசூலித்து, யாசிதி என்ற சிறுபான்மைச் சமூகத்துப் பெண்களைச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தபோது ராணுவத்தைத் தவிர வேறு வழி இல்லை. நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவரிடமிருந்து நிலத்தைப் பறிக்கப் படை வேண்டும். 2017 ஜூலையில் மொசூல் மீட்கப்பட்டது, 2019 மார்ச்சில் பாகூஸ் என்ற கடைசிக் கிராமமும் விழுந்தது. அந்தப் போருக்கு ஒரு வரைபடம் இருந்தது. கடைசிக் கிராமம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இலங்கையைக் காட்டுகிறவர்களுக்கு

தமிழில் இந்த விவாதம் வந்தால், புலிகளைப் போரால்தானே முடித்தார்கள் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். உலக ராணுவக் கல்லூரிகளிலும் இந்தக் கேள்வி உண்டு. 2011இல் இலங்கை ராணுவம் கொழும்பில் ஒரு கருத்தரங்கமே நடத்தி, பயங்கரவாதத்தை வென்ற தன் அனுபவத்தைப் பல நாட்டு அதிகாரிகளுக்குப் பாடமாகச் சொன்னது.

அமைப்பு முடிந்தது உண்மை. எப்படி முடிந்தது என்று அந்தப் பாடத்தில் எவ்வளவு சொன்னார்கள்? அதே ஆண்டு வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று சொன்னது. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களில் எறிகணைகள் விழுந்ததையும், புலிகள் மக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்ததையும் அது பதிவு செய்தது. மே 2009க்குப் பிறகு துப்பாக்கிச் சத்தம் நின்றது. தமிழர் கேட்ட அரசியல் உரிமை 1983க்கு முன் எங்கே நின்றதோ ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்கள் ஆண்டுக்கணக்காக எழவில்லை. அது வெறும் பயங்கரவாதப் பிரச்சினைதானா என்ற கேள்வியை அந்தச் சொல்லே அடைத்துவிட்டது என்பது என் கருத்து.

போர் விட்டுப்போகிற இன்னொரு சொத்து சட்டம். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்றே ஆண்டுக்கான தற்காலிகச் சட்டமாக வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். போர் முடிந்து 11 ஆண்டு கழித்து, 2020இல், அதே சட்டத்தில் ஓர் இளம் தமிழ் முஸ்லிம் கவிஞரை அவருடைய கவிதைத் தொகுப்புக்காகப் பிடித்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே வைத்தார்கள். கடைசியில் கோர்ட் அவரை விடுவித்தது. ஆனால் அந்தச் சட்டமும் அந்த வெற்றிகண்ட ராணுவமும் இருந்தபோதுதான் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 17 நாள் முன்பே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை அனுப்பியிருந்தது. அந்தத் தாளை யாரும் பொருட்படுத்தவில்லை.

நம் பக்கம் 2008 நவம்பர் 26. மும்பையில் பத்துப் பேர் 166 பேரைக் கொன்றார்கள். இந்தியா போருக்குப் போகவில்லை. அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த சிவசங்கர் மேனன், உடனே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி அடிக்க வேண்டும் என்றுதான் தான் அன்று வாதிட்டதாகவும், யோசித்துப் பார்த்தால் அடிக்காமல் இருந்ததே சரி என்று பின்பு பட்டதாகவும் எழுதியிருக்கிறார். அடித்திருந்தால் உலகத்தின் பேச்சு பாகிஸ்தான் அனுப்பிய கொலையாளிகளை விட்டுவிட்டு இரண்டு அணு ஆயுத நாடுகளின் சண்டைக்குத் தாவியிருக்கும் என்பது அவர் வாதம். 2025இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு இந்தியா வேறு வழியை எடுத்தது. மே 7இல் தொடங்கிய மோதல் மே 10இல் நின்றது. அது சரியா தவறா என்ற விவாதம் இங்கே இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு நாளும் 20 ஆண்டும் ஒரே கணக்கில் சேராது.

இஸ்ரேலுக்கு அமெரிக்காவே இதைச் சொல்லிப் பார்த்தது. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்ற பதினொன்றாம் நாள், டெல் அவிவில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் பேசினார். கோபம் இருக்கட்டும், அது உங்களை விழுங்க விடாதீர்கள், செப்டம்பர் 11க்குப் பிறகு நாங்களும் தவறுகள் செய்தோம் என்றார். சொன்ன கையோடு ஆயுதங்களையும் தொடர்ந்து அனுப்பினார். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோது காசாவில் இறந்தவர்கள் 67,000க்கும் மேல் என்று அங்கிருந்த சுகாதார அமைச்சகம் கணக்குச் சொன்னது.

தோஹா, காபூல்

2020 பிப்ரவரி 29 அன்று கத்தாரின் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் போட்டன. நாலே பக்கத்துக்குள் அடங்குகிற அந்த ஆவணத்தைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. எதிர்த்தரப்பின் பெயர் வருகிற இடமெல்லாம், 'அமெரிக்கா அரசாக அங்கீகரிக்காததும் தாலிபான் என்று அறியப்படுவதுமான ஆப்கானிஸ்தான் இஸ்லாமிய எமிரேட்' என்று முழு நீளத்துக்கு எழுதியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப. அங்கீகரிக்கவில்லை என்று எழுதிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். தாலிபான் தரப்பில் கையெழுத்திட்ட முல்லா பராதர் 2010இல் கராச்சியில் கைதாகி எட்டு ஆண்டு சிறையில் இருந்தவர்.

தாலிபான் கொடுத்த முக்கிய வாக்குறுதி, அல் காய்தா போன்றவர்கள் அமெரிக்காவுக்கு எதிராக ஆப்கன் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்பது. 2001இல் கேட்டதும் ஏறத்தாழ அதுதான். இடையில் ஆன செலவை பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் 2.3 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டது. நேரடியாகப் போரில் இறந்தவர்கள் ஆப்கன், பாகிஸ்தான் எல்லைப் பகுதி எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்தை ஒட்டி வருவார்கள். அதில் அமெரிக்கச் சிப்பாய்கள் 2,400 பேருக்குச் சற்று மேல், ஆப்கன் படையினரும் போலீஸும் 60,000க்கும் மேல், ஆப்கன் பொதுமக்கள் 46,000க்கும் மேல்.

பலனே இல்லையா என்றால், இருந்தது. லட்சக்கணக்கான பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், ஒரு தலைமுறை காபூலில் வேறு காற்றைச் சுவாசித்தது. போரை எதிர்த்தவர்கள் இதைப் பேசத் தயங்குவது நேர்மையில்லை. படை கிளம்பியதும் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளியின் கதவு அந்தப் பெண்களுக்கு மூடப்பட்டது. ஆனால் அந்தப் பள்ளிகளைக் காக்கவென்று யாரும் 2001இல் வாக்களிக்கவில்லை. அது வழியில் சேர்ந்துகொண்ட காரணம். வழியில் சேர்ந்த காரணங்கள் வழியிலேயே இறக்கிவிடப்பட்டன.

2021 ஆகஸ்ட் 15இல் காபூல் மறுபடி தாலிபானிடம் போனது. 26ஆம் தேதி விமான நிலையத்தின் வாயிலில் ஐ.எஸ். தற்கொலைக் குண்டுதாரி வெடித்தார். சுமார் 170 ஆப்கானியரும் 13 அமெரிக்கச் சிப்பாய்களும் இறந்தார்கள். அந்த 13 பேரில் ஐவருக்கு வயது 20. இரட்டைக் கோபுரம் விழுந்தபோது கைக்குழந்தைகள்.

மூன்று நாள் கழித்து, அந்தப் போரில் அமெரிக்காவின் கடைசி ட்ரோன் தாக்குதல் நடந்தது. காபூலில் ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா காரைச் சுமார் எட்டு மணி நேரம் வானிலிருந்து பின்தொடர்ந்தார்கள். அதை ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஊரில் தண்ணீர் வரத்து சரியில்லாததால் அலுவலகத்தில் கேன்களில் தண்ணீர் பிடித்து வண்டியில் ஏற்றினார். திரையைப் பார்த்தவர்களுக்கு அவை வெடிபொருளாகத் தெரிந்தன. வீட்டு முற்றத்துக்குள் கார் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஏவுகணை விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்று முதலில் சொன்ன ராணுவம், செப்டம்பர் 17இல் தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. யாருக்கும் தண்டனை இல்லை.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 31 காலை, காபூலின் வசதியான பகுதியில் ஒரு வீட்டுப் பால்கனிக்கு வந்து நின்ற முதியவரை இன்னொரு ட்ரோன் கொன்றது. பின்லேடனுக்குப் பின் அல் காய்தாவின் தலைவரான அய்மான் அல் ஜவாஹிரி. தாலிபான் ஆட்சியில், தாலிபான் தலைநகரில், குடும்பத்தோடு குடியிருந்திருக்கிறார். தோஹாவில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சாரார் கேட்டார்கள். அப்போது ஆப்கானிஸ்தானில் ஓர் அமெரிக்கச் சிப்பாய்கூட இல்லையே, உளவுத் தகவலை வைத்தே முடித்தார்களே என்றார்கள் இன்னொரு சாரார்.

2001 செப்டம்பரில் நிறைவேறிய அந்தத் தீர்மானம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஏமன், சோமாலியா, சிரியா என்று அதன் பேரில் அமெரிக்கப் படை போன இடங்கள் பல. அல் காய்தாவோடு அடித்துக்கொண்டு பிரிந்துபோன, 2001இல் பிறந்தேயிராத ஐ.எஸ். அமைப்பையும் அதற்குள் அடக்கினார்கள். அதை ரத்து செய்ய பார்பரா லீ ஆண்டுக்கு ஆண்டு மசோதா கொண்டுவந்து பார்த்தார். ஒருமுறை, 2017இல், அவர் கொண்டுவந்த திருத்தத்தை ஒதுக்கீட்டுக் குழு ஏற்றுக்கொண்டது, உறுப்பினர்கள் கைதட்டினார்கள். சபைக்கு வரும் முன்பே சத்தமில்லாமல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.